நாற்பத்தோராம் எண் புத்தகம்

மஞ்சுஷா தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. கொச்சியில், மட்டாஞ்சேரி வாசகசாலையில் நூலகர் வேலைக்கு நேர்காணல். செயலாளர் சுதீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தமிழ் வாயிக்கான் அறியுமோ?" என்று கேட்டார், தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று. "அறியும்" என்றாள். மனசாட்சி எழுந்து உட்கார்ந்து என்ன ஏது என்று விசாரிப்பதற்குள் வேலை கிடைத்துவிட்டது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கொச்சங்காடியில் அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழ்தான். அப்பா பாண்டியராஜ் கார்ப்பரேஷன் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்த குழாயைக்கூடத் தமிழில்தான் திட்டுவார். மஞ்சுஷாவுக்குத் தமிழில் சண்டை போடத் தெரியும், தாலாட்டத் தெரியும், மீன்காரியிடம் பேரம் பேசத் தெரியும். பள்ளிக்கூடம் மட்டும் மலையாளம். அதனால் மலையாள எழுத்தின் சாடையில் இருக்கும் ஏழெட்டுத் தமிழ் எழுத்துகள் அவளுக்குப் பிடிபடும். மற்றதெல்லாம் கல்யாண வீட்டில் பார்த்த தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி. முகம் பார்த்த ஞாபகம் இருக்கும், பெயர் வராது.

சுதீர் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கும் காரணம் இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு தமிழ் வியாபாரக் குடும்பம் இரண்டு அலமாரிப் புத்தகங்களை வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஒரே பைண்டர் ஒரே பச்சைக் காலிகோ துணியில் கட்டி, முதுகில் எண்ணை மட்டும் அச்சடித்திருந்தான். எந்தப் புண்ணியவானுக்கும் பெயரைப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. கூடவே ஒரு பட்டியல் வந்தது, அதுவும் தமிழில். வேலை ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். வருஷம் முடிந்ததும் பொதுக்குழு கைதூக்கினால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போய் மறுபடியும் தையல் மெஷினில் உட்கார வேண்டியதுதான். மஞ்சுஷாவுக்கு வாசகசாலையின் வாசனை முதல் நாளே பிடித்துப்போய்விட்டது. தையல் மெஷினை நினைத்தாலே அழுகை வந்தது.

வாசகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் பக்கத்துச் சுவரில் சிபாரிசுப் பலகை. மாதா மாதம் ஒவ்வொரு அலமாரியிலிருந்தும் ஒரு புத்தகத்தைப் பற்றி நூலகர் கார்டு எழுதிக் குத்த வேண்டும்: இன்ன கதை, இன்னார் படித்தால் பிடிக்கும் என்று. மலையாள அலமாரிக்கு அவள் ஒரே மூச்சில் மூன்று கார்டு எழுதிவிட்டாள். தமிழ் அலமாரிக்கு முன்னால் போய் நின்று, முதுகில் இருந்த எண்களை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். முதல் மாதம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. சுதீர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் வேலன் வந்து காப்பாற்றினார். வெலிங்டன் தீவில் ஒரு குடோனில் சுமை இறக்கும் வேலை. ஐம்பது வயது, மீசை மட்டும் முப்பது. தமிழ் அலமாரி திறப்பு விழாவுக்கு வந்தவரை நிறுத்திப் போட்டோ எடுக்கும்போது கையில் ஒரு புத்தகத்தைத் திணித்திருந்தார்கள். எண் நாற்பத்தொன்று. இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தர வந்தார்.

"எப்டி இருந்துச்சு வேலண்ணே?" என்று கேட்டாள் மஞ்சுஷா, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

வேலன் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். "அத ஏன் மோளே கேக்கற. செல்லக்கிளின்னு ஒருத்தி. புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பலை. ஊர்ல பெரிய முதலாளி, வள்ளத்தை எனக்குத் தந்துருன்னு நிக்கறான். இவ தர மாட்டேன்றா. அவளே வலையை எடுத்து, அவளே துடுப்பைத் துழைஞ்சு, காயல்ல எறங்கிடறா. நூத்தம்பது பேஜும் அவளும் தண்ணியும்தான். அடிபொளி!"

மஞ்சுஷா புத்தகத்தைப் புரட்டினாள். அறுபதாம் பக்கத்தில் ஒரு படம்: சிறிய வள்ளம், முழங்கால் தண்ணீரில் வலை இழுக்கும் ஒரு பெண். ஆக, உண்மைதான். அன்று மாலையே மலையாளத்தில் கார்டு எழுதிக் குத்தினாள். எழுத எழுத அவளுக்கே செல்லக்கிளியைப் பிடித்துவிட்டது.

கார்டைப் படித்துவிட்டு அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனவள் சுப்பம்மாள். கார்ப்பரேஷன் துப்புரவுப் பிரிவு. காலை வேலை முடிந்ததும் குளித்துப் பூ வைத்துக்கொண்டுதான் வாசகசாலைக்குள் கால் வைப்பாள். திருப்பித் தரும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "கார்டுல மாமியாரைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே புள்ளே. அந்தக் கெழவி மொதல்ல எம்புட்டு ஏசுவா! பின்னே மழையில வள்ளம் ஒழுகறப்ப, தன் தாலிச் சரடை வித்து, வள்ளத்துக்குப் பூசத் தாரு வாங்கித் தருவா பாரு... நான் அழுதுட்டேன்."

மஞ்சுஷா மாமியாரையும் சேர்த்து எழுதினாள். அடுத்து அஞ்சு. பஜார் ரோட்டில் மசாலா பாக்கெட் போடும் இடத்தில் வேலை செய்பவள், இருபத்தாறு வயது. அவள் திருப்பித் தரும்போது கதைக்குள் ஒரு தபால்காரன் வந்திருந்தான். நல்லவன், சைக்கிள் வைத்திருப்பவன், செல்லக்கிளியைத் தூரத்தில் இருந்தே பார்ப்பவன். "அவனை நீ எப்படி விட்டே வேலண்ணே?" என்று அஞ்சு கேட்டாள். பக்கத்தில் நின்ற வேலன் மீசையைத் தடவி, "எனக்கு அவன் மேல அத்ர பெரிய அபிப்ராயம் இல்ல" என்றார். மஞ்சுஷாவுக்குப் புல்லரித்தது. ஒரே புத்தகத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் படிக்கிறார்களே! அது தெரியாத தன் முட்டாள்தனத்தை நினைத்து வெட்கப்பட்டாள்.

கார்டு இரண்டானது, எட்டானது, பலகையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சனிக்கிழமைதோறும் நடக்கும் புத்தகக் கூட்டத்தில் கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சண்டை தொடங்கியது. புருஷன் திரும்பி வரவேயில்லை என்றார் வேலன். வருவான், வந்து வெளியே நிற்பான், அவள் கதவைத் திறக்க மாட்டாள் என்றாள் சுப்பம்மாள். அஞ்சு தபால்காரனுக்காக நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். வெளியே சாயா குடிக்க வந்தவர்கள் கிளாசோடு உள்ளே வந்து நின்று கேட்டார்கள். புத்தகம் இந்த மூன்று பேரின் கையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடி வாசிக்கணும், மறுபடி வாசிக்கணும் என்று புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருபத்துமூன்று பெயர் ஏறியது. இதெல்லாம் நடக்கும்போது மஞ்சுஷா சந்தோஷத்தில் மிதந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மட்டும், இத்தனை பேருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று உட்கார்ந்து நகத்தைக் கடிப்பாள்.

ஜூன் மாதம் வந்தது. பத்தொன்பதாம் தேதி வாசிப்பு தினம், அன்றைக்கே பொதுக்குழு. சுதீர் அச்சடித்த நோட்டீசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பரிப்புவடையும் சாயாவும் உண்டு என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே: 'நாற்பத்தோராம் எண் தமிழ்ப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நூலகர் மஞ்சுஷா தமிழில் வாசிப்பார்.' அதற்குக் கீழே: 'நூலகர் பதவி நிரந்தரம் – தீர்மானம்.'

"காய்ச்சல்னு சொல்லிக் கெடந்துரு" என்றான் அவள் புருஷன் சஜி. வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும்.

"காய்ச்சல் வந்தா தீர்மானத்துக்கு யாரு போய் நிக்கறது? நீயா?"

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. புத்தகம் அப்போது வாசகசாலையில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயரான வைத்தீஸ்வரன் ஸ்வாமியிடம் இருந்தது. துறைமுக ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் பாலக்காடு. பலகையில் இருந்த எட்டுக் கார்டையும் நின்றபடியே மூன்று தடவை படித்துவிட்டு, "நேக்கு இந்தச் செல்லக்கிளியை உடனே பாக்கணுமாக்கும்" என்று வாங்கிப் போயிருந்தார். கெடு பத்தொன்பதாம் தேதிதான். நல்ல மழை பெய்து ஸ்வாமி வீட்டோடு கிடந்தால், புத்தகம் இல்லை என்று கையை விரித்துவிடலாம். மஞ்சுஷா மழை வேண்டிக் கும்பிட்டாள். கேட்டதற்கு மேலேயே பெய்தது.

ஆனால் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு மழை ஒரு சாக்கா என்ன? மூன்று மணிக்கெல்லாம் ஹால் நிரம்பிவிட்டது. மூலையில் குடைகள் குவிந்து தரையெல்லாம் தண்ணீர். வேலன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார், சுப்பம்மாள் பட்டுச் சேலையில், அஞ்சு காதில் புது ஜிமிக்கியோடு. பாண்டியராஜ் மகளின் பெருமையைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். மூன்றேகாலுக்கு வாசலில் ஒரு பெரிய கறுப்புக் குடை மடங்கியது. ஸ்வாமி. கக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பச்சைப் புத்தகம், ஒரு சொட்டுகூட நனையாமல்.

நேராக மேடைக்கு வந்து அவள் கையில் கொடுத்தார். முகத்தில் ஒரு விதமான சிரிப்பு. "பதினாலு நாளாக்கும் இதோட மல்லுக்கு நின்னேன்" என்றார் மெதுவாக. "நீயே வாசி கொழந்தே. நேக்கும் கேக்கணும்."

அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் அவள் உறையிலிருந்து புத்தகத்தை உருவினாள். சுதீர் மைக்கைத் தட்டிச் சரிபார்த்து அவள் பக்கம் திருப்பினார். மஞ்சுஷா புத்தகத்தைத் திறந்தாள். கறுப்புக் கறுப்பாக வரிகள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாக்கு தானாகத் தொடங்கியது.

"காயல் கரையில செல்லக்கிளின்னு ஒருத்தி இருந்தா..."

எட்டுக் கார்டையும் எழுதியவள் அவள்தானே, கதை மனப்பாடம். முதலாளி வந்தான், மாமியார் ஏசினாள், வள்ளம் ஒழுகியது. ஹால் அப்படியே அடங்கிப் போனது. சாயா கிளாசைக் கீழே வைக்கிற சத்தம்கூட இல்லை. நேரம் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினாள். இன்னும் ஐந்து நிமிஷம் இப்படியே ஓட்டினால் கைதட்டு, பிறகு தீர்மானம், பிறகு ஆயுசுக்கும் இந்த மேசை. அப்போது கண்ணை உயர்த்தினாள். அப்பா பாண்டியராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் தமிழ் வாசிக்கிறாள் என்று. அவருக்கும் எழுத்து தெரியாது.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. புத்தகத்தை மூடினாள்.

"நான் இதை வாசிக்கல" என்றாள். மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது. "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அன்னைக்கு சார் கேட்டப்ப அறியும்னு சொன்னது பொய். இந்தக் கதை இவங்க சொன்னது. வேலண்ணனும் சுப்பம்மாக்காவும் அஞ்சுவும் வாசிச்சுச் சொன்னாங்க, நான் எழுதினேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

சுதீர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வேலன் எழுந்து நின்றார். வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார், முகம் வெளிறியிருந்தது. "மோளே" என்றார். "நானும் வாசிக்கல."

"என்னது?"

"போட்டோ எடுத்துக் கையில தந்துட்டாங்க. நீ பேனாவோட உக்காந்து எப்டின்னு கேக்கற. வாசிக்கத் தெரியாதுன்னு எப்டிச் சொல்றது? அந்தப் படத்தைப் பாத்தேன். வாயில வந்ததைச் சொன்னேன்."

"அட பாவி மனுசா!" சுப்பம்மாள் துள்ளி எழுந்தாள். "நீ வாசிச்சிருக்கேன்னு நெனைச்சில்ல நான் அந்தக் கார்டை நம்பி..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். தாமதமாகிவிட்டது, ஹால் முழுக்க அவளைத்தான் பார்த்தது. சுப்பம்மாள் கையை இறக்கினாள். "ஆமா. நானும்தான். யாரும் அந்த அலமாரியைத் தொடலைன்னா இந்தப் பொண்ணுக்கு ஜோலி போயிடுமேன்னு எடுத்துப் போனேன். கார்டு மலையாளத்துல இருந்துச்சு, வாசிச்சேன். மாமியார் இல்லாத கதை என்ன கதைன்னு தோணிச்சு."

எல்லோரும் அஞ்சுவைப் பார்த்தார்கள். அஞ்சு ஜிமிக்கியைத் திருகிக்கொண்டே, "தபால்காரன் என்னோடதுதான்" என்றாள். "அவனை மட்டும் யாரும் எடுத்துரக் கூடாது."

முதலில் சிரித்தது ஸ்வாமி. கதைக்காக வாங்கிப் போனவர், பதினாலு நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. குலுங்கிக் குலுங்கி வந்தது. பிறகு ஹாலே வெடித்தது. பாண்டியராஜ் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்கில் இதில் எந்தாணு?" என்று சுதீர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இறால் வளர்ப்பாக்கும்" என்றார் ஸ்வாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கொஞ்சு இல்லையா, கொஞ்சு. உப்புத் தண்ணியிலே அதை எப்படி வளக்கறதுன்னு நூத்தைம்பது பக்கம். இப்போ வருவா, இப்போ வருவான்னு ஒவ்வொரு பக்கமா புரட்டினேன். செல்லக்கிளி வரவே இல்லை. குளத்துக்குச் சுண்ணாம்பு போடறதுதான் வந்தது."

ஓரத்தில் இருந்த ஒரு இடக்கொச்சிக்காரர் அவசரமாக எழுந்து, எவ்வளவு சுண்ணாம்பு என்று எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவருக்கு இரண்டு குளம் இருந்தது. மறுபடியும் ஒரு பெருஞ்சிரிப்பு.

சுதீர் மைக்கை எடுத்தார். சிரிப்பு அடங்கியது. பொய் சொல்லி வேலைக்கு வந்ததைப் பொதுக்குழு சும்மா விட முடியாது என்றார் மலையாளத்தில். தமிழ் வாசிக்கத் தெரிந்த நூலகர் வேண்டும் என்பது நிபந்தனை. அது தெரியாது என்று அவளே சொல்லிவிட்டாள். தீர்மானத்தை எப்படி முன்வைப்பது? அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அவருக்கும் அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்கள் பிடித்திருந்தன.

மஞ்சுஷா தலைகுனிந்து நின்றாள். சரிதான், மனசாவது லேசாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சுப்பம்மாள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கு ஏறிவிட்டாள்.

"ஒரு நிமிசம் சாரே. இவளுக்குக் கொஞ்சம் எழுத்துத் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும். கையெழுத்து நான் தமிழ்லதான் போடுவேன். வேலா, ஏறி வா. அஞ்சு, நீயும்தான். ஸ்வாமி, நீங்க வாயைத் தொறக்கப்படாது."

ஸ்வாமி விரலால் உதட்டை மூடிக்கொண்டார். நான்கு தலைகள் மைக்குக்கு முன்னால் முதல் பக்கத்தின் முதல் வரிமேல் குனிந்தன.

"இ" என்றாள் அஞ்சு உடனே. "சினிமா போஸ்டர்ல இசைன்னு போடுவாங்கல்ல, அந்த இ."

"ரெண்டாவது எழுத்து எனக்கு அறியாது. அது கழிஞ்சா ல்" என்றார் வேலன். "வெல்லம் வர்ற சாக்குல ரெண்டு ல கிடக்கும். தெனம் முதுகுல சுமக்கறேன், மறக்குமா?"

மஞ்சுஷா ஸ்வாமியை நிமிர்ந்து பார்த்தாள். "ஸ்வாமி இப்ப என்ன சொன்னாரு? இறால்! இ... றா... ல். அப்ப நடுவுல இருக்கறது றா!"

யாரோ கைதட்டினார்கள், மற்றவர்கள் உஷ் என்றார்கள். அடுத்த சொல்லில் முதல் எழுத்து வ. அது மலையாள வ-வின் உடன்பிறப்பு, மஞ்சுஷாவே சொன்னாள். அடுத்த ள சுப்பம்மாளின் பெயரின் கடைசியில் இருப்பது, புள்ளி மட்டும் இல்லை. வளர்க்க. மூன்றாவது சொல்லைச் சுப்பம்மாள் முழுசாகவே பிடித்துவிட்டாள்: கோயில் நோட்டீசில் முதல் நாள் திருவிழா என்று வருஷா வருஷம் பார்ப்பதுதான். நான்காவது சொல்லுக்கு நாலு பேரும் சேர்ந்து ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை. வடை ஆறிப் போனதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

"இறால் வளர்க்க முதலில் வேண்டியது..." என்று மஞ்சுஷா சேர்த்துச் சொன்னாள். மிச்சம் ஒரு சொல்.

"பொங்கல்ல வர்ற பொ" என்றாள் சுப்பம்மாள்.

"கடைசில மை. மைதான்" என்றாள் அஞ்சு. "நடுவுலதான் ஏதோ ஒண்ணு."

"பொம்மையா?" என்றார் வேலன். ஹால் சிரித்தது. "கொஞ்சுக்கு எதுக்கு பொம்மை" என்று இடக்கொச்சிக்காரர் கோபித்துக்கொண்டார்.

மஞ்சுஷா அந்த நடு எழுத்தையே பார்த்தாள். இறாலில் பார்த்த அதே முகம். காலில் மட்டும் ஒரு வளைவு கூடுதலாக இருந்தது. உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் அவள் அவசரப்படும்போதெல்லாம் அப்பா சொல்கிற சொல், சஜியோடு சண்டை போடும்போது அம்மா சொன்ன சொல். ஆயிரம் தடவை காதால் கேட்டது, ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"பொறுமை" என்றாள். பிறகு மைக்கை இழுத்து, முழுசாக, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து வாசித்தாள். "இறால் வளர்க்க முதலில் வேண்டியது பொறுமை!"

ஸ்வாமி நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். கூரை பிளந்துவிடும் போலக் கைதட்டு. வேலன் மேடையிலேயே அஞ்சுவைத் தூக்காத குறையாகக் குதித்தார், சுப்பம்மாள் மஞ்சுஷாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பாண்டியராஜ் பக்கத்தில் இருந்தவர் எல்லோரிடமும், "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுதீர் எல்லாம் அடங்கும் வரை காத்திருந்தார். நடவடிக்கைக் குறிப்பேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, மலையாளத்தில் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்: பொதுக்குழுவின் முன்னிலையில் நூலகர் தமிழ்ப் புத்தகம் வாசித்தார். நிபந்தனை நிறைவேறியது. நிரந்தரம் ஆக்குவதை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

தூக்காத கை எது என்று தேட வேண்டியிருந்தது. மஞ்சுஷா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. சுதீர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். எழுந்து வந்து, மைக்கை அவள் உயரத்துக்குச் சரிசெய்தார்.

"மதி கரஞ்ஞது" என்றார், அழுதது போதும் என்று. "ரெண்டாமத்த வரி வாயிக்கு, மஞ்சுஷே. எனிக்கும் கேள்க்கணும்."

நான்கு பேரும் மறுபடி குனிந்தார்கள்.